ஒரு கூடைக் கரியும் குப்பம்மாவின் பேரும்

சேக்காட்டில் ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த அந்தத் தெருவில் குப்பம்மா என்ற பேரில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். ஆனால் கோர்ட்டில் குப்பம்மா என்று கூப்பிட்டபோது போய் நின்றவர்கள் ஐந்தாறு பேர். அந்த ஐந்தாறு பேரில் நிஜமான குப்பம்மா மட்டும் கிடையாது. அவள் கோர்ட்டுப் படியை மிதித்ததே இல்லை. கடைசியில் எல்லாரையும்விட அதிகமாகப் பயந்து நடுங்கியவளும் அவள்தான்.

தெருவுக்குப் பின்னால் பெரிய பாதையிலிருந்து பிரிந்து போகிற கிளைப் பாதை ஒன்று. அதன் முடிவில் கரி டெப்போ. கூட்ஸில் வரும் நிலக்கரியை அங்கே இறக்கி, அம்பத்தூர்ப் பக்கம் புதிதாக முளைத்திருந்த கம்பெனிகளின் பாய்லருக்கு லாரி லாரியாக அனுப்புவார்கள். இறக்கும்போது சிந்தும். சிந்தியதைத் தெருப் பெண்கள் கூடையோடு போய்ப் பொறுக்குவார்கள். சிந்தியது கூடையை நிரப்பாத நாளில் கை தானாகக் குவியல் பக்கம் போகும். அதற்கும் பொறுக்குவது என்றுதான் பேர். பாதி வீட்டு அடுப்புக்கு, மீதி டீக்கடைக்கு. தண்ணீருக்குப் போவதைச் சொல்கிற மாதிரி, கரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். திருட்டு என்ற வார்த்தை ஒருத்தி வாயிலும் வந்ததில்லை. கீழே சிந்தியதை எடுத்தால் திருட்டா? சரி, குவியலிலிருந்து எடுத்தது? அதுவும் எப்படியும் சிந்தப்போகிற கரிதானே, கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிட்டோம். இப்படி ஒரு நியாயம்.

டெப்போக்காரன் சும்மா இருப்பானா. போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கத்துவான். அவன் வாயை அடைக்க அவ்வப்போது ஒரு கேஸ் காட்டியாக வேண்டும். அதற்கென்று வருகிறவர் கான்ஸ்டபிள் பரந்தாமன். அடிக்கிற ஆள் இல்லை, அலுத்துப்போன ஆள். பெண்களைத் துரத்திப் பிடிக்க அவருடைய தொப்பை இடம் கொடுக்கவில்லை. தெருமுனையில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, யாராவது ஒருத்தி கூடையோடு வந்தால் போதும் என்பார். பெண்களும் கூடிப் பேசி முறை வைத்துக்கொண்டார்கள். குழாயடியில் தண்ணீருக்கு முறை இருந்ததுபோல கேஸுக்குப் போகவும் முறை. போகிறவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, ஒத்துக்கொள்கிறேன் சாமி என்று சொல்ல வேண்டும். சின்னக் கேஸ், அன்றைக்கே முடிந்துவிடும். அபராதத்தைத் தெருவே சேர்ந்து கட்டும். கோர்ட்டு கலையும்வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பதுதான் தண்டனை. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து உலை வைத்துவிடலாம்.

முதன்முதலில் அப்படிப் போனவள் குப்பம்மாவின் பக்கத்து வீட்டு முனியம்மா. அப்போதுதான் அவள் மகள் பேபிக்கு மேனாம்பேட்டில் மாப்பிள்ளை பார்த்து வெற்றிலை மாற்றியிருந்தார்கள். ஸ்டேஷனில் பேரைக் கேட்டதும் முனியம்மாவுக்குச் சம்பந்தி வீடு ஞாபகம் வந்தது. கரி திருடி முனியம்மா என்று மேனாம்பேட்டில் காதில் விழுந்தால் கல்யாணம் அதோடு சரி. கண்ணை மூடிக்கொண்டு, ‘குப்பம்மா, புருஷன் பேர் துலுக்கானம்’ என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் நேராகக் குப்பம்மாவின் வீட்டுக்குத்தான் ஓடி வந்தாள்.

“யக்கா, என் வாயில உன் பேரு வந்துட்ச்சி. நீ கால எடுத்து ஒதச்சாலும் வாங்கிக்கறேன்.”

குப்பம்மா அப்போது முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

“எம் பேர வெச்சிகினு நான் இன்னா செய்யப்போறேன்? எடுத்துக்கினு போ.”

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பிள்ளை குட்டி இல்லை. கட்டிக்கொடுக்க மகள் இல்லை. புருஷன் துலுக்கானம் சாராயத்தில் மூழ்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான். உயிரோடு இருந்தவரை ஒரு படி அரிசி வாங்கிப் போடாதவன். செத்த பிறகாவது அவன் பேர் யாருக்கோ உபயோகப்படட்டும் என்று நினைத்திருப்பாள். அவளே சிரித்துக்கொண்டு இதைச் சொல்லியும் இருக்கிறாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. யார் முறையாக இருந்தாலும் கொடுக்கிற பேர் குப்பம்மா. பரந்தாமனுக்கும் அது சௌகரியம். குழாயடியில், ‘இந்த வாட்டி குப்பம்மா யாருடி?’ என்று கேட்டுச் சிரிப்பார்கள். பேரை இரவல் கொடுத்தவளுக்குப் பிரதியாக, வாரம் ஒரு கூடைக் கரி அவள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் முனியம்மாதான் கொண்டுவந்து வைப்பாள். குப்பம்மா டெப்போ பக்கம் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை. ஆவடியில் புதிதாக எழும்பிய மிலிட்டரி ஃபேக்டரியில் காண்டிராக்டர் ஆளாகப் பெருக்கப் போவாள், வருவாள், வாசலில் இருக்கும் கரியை எடுத்து அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒரு நாள் முனியம்மா நின்றிருந்த வேகனுக்கு அடியில் குனிந்து கரி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எஞ்சின் வந்து வேகன்களைப் பின்னால் தள்ளியது. அவள் போட்ட சத்தத்தை எஞ்சின் சத்தம் விழுங்கிவிட்டது. கூடை நசுங்காமல் தண்டவாளத்துக்கு வெளியே கிடந்தது. அதற்கு அப்புறம் டெப்போவுக்குச் சுவர் எழுப்பி மேலே கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். பெண்கள் கரிக்குப் போவதை விட்டார்கள். பரந்தாமனும் அந்தத் தெருவுக்கு வருவதை விட்டார். தாயில்லாத பேபி மாப்பிள்ளை உத்தமனோடு அம்மா வீட்டிலேயே குடியேறினாள். குப்பம்மாவின் பேர் எங்கெங்கே கிடக்கிறது என்பதைத் தெருவே மறந்துபோனது. குப்பம்மாவும் மறந்தாள்.

ஃபேக்டரியில் அவளை நிரந்தரம் பண்ணுவதாகச் சொன்ன அன்றுதான் எல்லாம் திரும்பி வந்தது. காண்டிராக்டரிடம் கூலிக்கு நின்றவளுக்கு சர்க்கார் சம்பளம், சாகிறவரை பென்ஷன். டாக்டர் பார்த்தாயிற்று. இனி போலீஸ் வந்து தெருவில் விசாரித்து, நல்லவள் என்று எழுதிக் கொடுத்தால் முடிந்தது என்றார் சூப்பர்வைசர். கேஸ் கீஸ் எதுவும் இல்லையே என்று விளையாட்டாக ஒரு வார்த்தையும் கேட்டார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். குப்பம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். பல் மேல் உதடு ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடம் கேட்பது? தெருவில் கேட்டால் தெரு முழுக்கப் பயம் பிடித்துக்கொள்ளும். பூந்தமல்லியில் இருந்து கோர்ட்டு வாசலுக்கு வந்து மனு எழுதிக் கொடுக்கிற அமீருதீன் பாயைப் பற்றிப் பெண்கள் பேசக் கேட்டிருக்கிறாள். கூண்டில் எப்படி நிற்க வேண்டும், எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பூந்தமல்லிக்கு பஸ் ஏறி, வீட்டை விசாரித்துக்கொண்டு போய் நின்றாள். பாய் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேரையும் ஊரையும் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நீ எத்தினியாவது குப்பம்மா?”

“நான் தான் பாய் நெசம் குப்பம்மா.”

சிரிப்பு நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளை மேலும் கீழும் பார்த்தார். உட்காரச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, ஒரு கூடைக் கரிக்காகவா வேலை போகும் என்று கேட்டாள்.

“திருட்டுக்கு அளவு கெடையாதும்மா. ஒருத்தன் கையில கீற பொருள அவனக் கேக்காம, நமக்காவட்டும்னு நெனச்சி எடத்த வுட்டு நவுத்துனா போதும், அப்பவே திருட்டு. ஊட்டுக்கு எடுத்தாரணும்னு கூட இல்ல. கூடையா வண்டியாங்கறது தண்டன போடத்தான் பாப்பாங்க. பேரு ரெண்டுத்துக்கும் ஒண்ணு தான்.”

“நான் ஒரு கல்லு கூட நவுத்தலியே பாய்.”

“நவுத்திகினு வந்து வெச்சத எரிச்சியா இல்லியா? திருட்டு சரக்குன்னு தெரிஞ்சே வாங்கிகினா, அதுக்குத் தனியா ஒரு செக்ஷன் கீது.”

குப்பம்மாவின் கை தானாக முந்தானையில் துடைத்துக்கொண்டது, கரி ஒட்டியிருப்பதுபோல.

அப்புறம் பாய் பொறுமையாகச் சொன்னார். நான் அவள் இல்லை என்று உண்மையைச் சொல்லலாம். சொன்னால், பின்னே யார் என்று கேட்பார்கள். கோர்ட்டில் அடுத்தவள் பேரைச் சொல்லி நின்றது கரி எடுத்ததைவிடப் பெரிய குற்றம். கரிக்கு ஒரு நாள் உட்கார்ந்தவர்கள் அதற்கு உள்ளேயே போக வேண்டிவரும். பேரைக் கொடுத்தவள் யார் என்றும் கேட்பார்கள். ஆக, உண்மையைச் சொன்னாலும் கேஸ், சொல்லாவிட்டாலும் கேஸ். வருகிறவர் என்ன கேட்கிறாரோ அதற்கு மட்டும் பதில் சொல், நீயாக வாயைத் திறக்காதே என்று அனுப்பிவைத்தார். இதற்குப் பாய் காசு வாங்கவில்லை. அதுவே அவளுக்குக் கூடுதல் பயமாக இருந்தது. தேறாத நோயாளியிடம்தான் வைத்தியன் காசு வாங்கமாட்டான்.

திரும்புகிற பஸ்ஸில் வழியில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். எங்கேயோ டியூட்டிக்குப் போகிறவர், அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. குப்பம்மா அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி, மீதி வழியை வெயிலில் நடந்தே கடந்தாள்.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு கூடைக் கரி இருந்தது. முனியம்மா கடைசியாகக் கொண்டுவந்து வைத்த கூடை. அவள் போனபிறகு அதை எரிக்க மனசு வராமல் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தாள். இப்போது சாக்கைத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் அவளையே பார்க்கிற மாதிரி இருந்தது. அழுக்குத் துணி மூட்டைக்குள் கரியை வைத்துக் கட்டிக்கொண்டு, துவைக்கப் போகிறவள் மாதிரி ஏரிக்குப் போனாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, துணியை அலசுகிற சாக்கில் கல் கல்லாகக் கீழே விட்டாள். கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவன் திரும்பினால் அவள் கை நிற்கும். கடைசிக் கல்லை மட்டும் விட முடியவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு அதையும் விட்டாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பங்கரைச் சுவரைச் சுண்ணாம்பால் பூசினாள். காய்ந்ததும் உள்ளேயிருந்து கருப்பு மறுபடி தெரிந்தது. திரும்பவும் பூசினாள்.

விஷயம் எப்படியோ தெருவில் கசிந்துவிட்டது. குழாயடியில் இவள் குடத்தை வைத்தால் பேச்சு நிற்கும். கோர்ட்டில் இவள் பேரில் நின்றவர்கள் எல்லாரும் அந்தத் தெருவிலேயேதான் இருந்தார்கள், ஒருத்தியும் இவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவர்களில் வேம்புலியம்மாள் மட்டும் ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள்.

“யக்கா, எனக்கு மூணும் பொட்டப் புள்ளிங்க” என்றாள்.

அவ்வளவுதான், போய்விட்டாள். குப்பம்மாவுக்கு அதற்குமேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. இவள் வாய் திறந்தால் மூன்று பெண்களும் திருடி மகள்கள். இவள் திறக்காவிட்டால் இவள் திருடி. மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். என்னவென்று வேண்டுவது என்றே தெரியாமல், நீயே பார்த்துக்கோ என்று ஒரு காசைத் துணியில் முடிச்சுப் போட்டு வைத்தாள்.

சைக்கிள் மணி கேட்டால் போதும். தபால்காரர், பால்காரர், ஐஸ் விற்கிறவன் என்று யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கடைசியில் நிஜமாக வந்த சைக்கிள் மணியே அடிக்கவில்லை. நடுப்பகலில், வாசலில் ஒரு தொப்பையின் நிழல் விழுந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். பரந்தாமன். மீசை நரைத்திருந்தது. எதிர்வீட்டுக் கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதற்கடுத்த கதவு.

“குப்பம்மாங்கறது யாரு?” என்று கேட்டார். அவருக்கா தெரியாது?

“நான் தான் ஐயா.”

குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பை வாங்கிக் குடிக்கும்போது பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டார். அப்போதுதான் குப்பம்மா கவனித்தாள். அவர் கையும் நடுங்குகிறது. அதைப் பார்த்தபிறகு அவளுக்குப் பயம் குறையவில்லை, கூடிப்போனது. தைரியமாக இருக்கிற போலீஸ்காரனிடம் காலில் விழலாம். பயந்துபோனவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்?

ஃபேக்டரி வேலைக்காக விசாரித்து எழுதத்தான் வந்திருக்கிறேன், ஆனால் ஸ்டேஷனுக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார், பழைய கேஸ்களை எல்லாம் புரட்டிப் பார்க்கிற ஆள் என்றார் பரந்தாமன். குப்பம்மா என்ற பேரில் இத்தனை கரிக் கேஸா என்று அவரே கேட்டாராம். எல்லாக் கேஸிலும் கூட்டிக்கொண்டு போனவர் பரந்தாமன் என்றுதான் இருக்கிறது.

“நீ இல்லன்னு எய்துனா, வேற யாருன்னு கேப்பாரு. ஒவ்வொருத்தியா வெளிய வரணும். கடசில நானும் வரணும். ரிட்டயர் ஆவ இன்னும் கொஞ்ச நாள் தான் கீது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இந்தத் தெருவுல குப்பம்மான்னு இன்னொருத்தி இருந்தாளா? இப்போ இல்லாதவ?”

குப்பம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவள் கண் தானாகப் பக்கத்து வீட்டுப் பக்கம் போனது. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, அந்தக் கதவைத் தவிர. பேபி இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேபியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயம் அவளுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை.

“இருந்தா ஐயா. செத்துட்டா.”

“எப்டி?”

“டெப்போவுல. வேகன் ஏறி.”

பரந்தாமன் மூச்சை விட்டார். அந்தப் பிணத்தைப் புரட்டி எழுதியவர்களோடு அவரும் நின்றிருந்தவர்தான். அவள் பேர் முனியம்மா என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். முனியம்மாவைக் குப்பம்மா என்றும் கூப்பிடுவதுண்டு என்று யாராவது சொந்தக்காரர் சொல்லிவிட்டால் போதும் என்றார். சொல்லிவிட்டு அவரும் பேபியைப் பார்த்தார்.

பேபி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தாள். குப்பம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காலைத்தான் பார்த்தாள். திரும்பி உள்ளே போகப்போகிறது அந்தக் கால் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

“கூப்புடுவாங்க” என்றாள் பேபி. “எங்கம்மாவ அப்டியும் கூப்புடுவாங்க.”

“அப்பா பேரு?”

“நாகப்பன்.”

“கேஸுல துலுக்கானம்னு கீதே.”

 குழந்தை ஏதோ கேட்டுச் சிணுங்கியது.

“அப்போ துலுக்கானம்னே எய்திக்குங்க.”

பெற்ற அப்பன் பேரையும் அவள் கொடுத்துவிட்டாள். உயிரோடு இருந்தபோது ஒரு பெண்டாட்டிக்கே சோறு போடாத துலுக்கானத்துக்கு, செத்த பிறகு சர்க்கார் கணக்கில் இரண்டாவதாகவும் ஒருத்தி கிடைத்தாள். பரந்தாமன் நீட்டிய இடத்தில் பேபி எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முனைவரை நடந்து போனார். 

குப்பம்மா பேபியின் கையைப் பிடிக்கப் போனாள். பேபி குழந்தையின் மூக்கைத் துடைக்கிற மாதிரி கையை எடுத்துக்கொண்டாள்.

“அம்மா போட்டுகினு போன பேரு தானே அத்தே. அவ கூடவே போவட்டும்.”

கோபமாகச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று குப்பம்மாவால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் துணியவில்லை. பேபி அதற்கப்புறமும் அத்தை என்றுதான் கூப்பிட்டாள். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் வரும். ஆனால் முனியம்மாவைப் பற்றிய பேச்சு மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றுபோனது.

வேலை நிரந்தரமானது. முதல் சம்பளத்தில் வேண்டுதலை முடிக்க மாங்காட்டுக்குப் போனாள். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்ட குருக்கள் பேர் என்ன என்று கேட்டார். சாதாரணமாக எல்லாரிடமும் கேட்கிறதுதான். அவள் அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவர் மறுபடி கேட்டார். முனியம்மா என்று சொன்னாள். சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் எத்தனையோ வருஷம் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். சாயங்காலம் கேட்டில் பெண்களைச் சோதித்து வெளியே விடுவார்கள். மற்றவர்கள் சங்கு ஊதியதும் பேச்சும் சிரிப்புமாக வந்து நிற்பார்கள். அடுப்புப் பற்றவைக்க எண்ணெய்ப் பஞ்சு ஒரு பிடியை இடுப்பில் சொருகிக்கொண்டு வருகிறவளும் அதில் உண்டு. குப்பம்மா தேய்ந்துபோன துடைப்பத்துக் குச்சி ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. ஆனாலும் தினம் அந்தக் கேட்டை நெருங்கும்போதே பையின் சுருக்கை அவிழ்க்கத் தொடங்கிவிடுவாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டுவாள். வெற்றிலைப் பையைக் கவிழ்த்துக் காட்டுவாள். முந்தானையை உதறுவாள்.

“போதும் போம்மா, உன்னத் தெரியாதா” என்பாள் சோதிக்கிறவள்.

குப்பம்மா போகமாட்டாள். தெரியும் என்று சொன்னதுதான் அவளுக்குப் பயம். இன்னொரு தரம் போகச் சொல்கிறவரை, கையை விரித்துக் காட்டிக்கொண்டு அங்கேயே நிற்பாள்.